பதினான்கு மணி நேர இரவு: குளிர்காலப் பாலைவன முகாம் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் கடைசியில் கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்தில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. மறுபடி எழுவதற்கு ஏழு மணி ஆகிறது. இடையில் இருப்பது பதினான்கு மணி நேரத்துக்கும் கூடுதலான இருட்டு. கூடாரத்தில் தங்கி ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பகலைத்தான் திட்டமிடுகிறார்கள். எந்தப் பாறையைப் பார்ப்பது, எந்த மணல்மேட்டில் ஏறுவது என்பதற்கெல்லாம் பட்டியல் இருக்கும். இரவுக்கு ஒன்றும் இருக்காது. நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

நானும் என் கணவரும் ஆறு வாரம் சுற்றினோம். தெற்கு அரிசோனாவில் ஆர்கன் பைப் தேசியச் சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட பாலைநிலத்தில் தொடங்கி, கலிபோர்னியாவில் ஆன்ஸா-பொரேகோ, ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி என்று வடக்கே ஏறி, பிறகு மேற்கே திரும்பி மோரோ பே வழியாக பிக் சர் கடற்கரை. நாங்கள் செய்த தவறுகளும், பக்கத்துக் கூடாரங்களில் பார்த்த தவறுகளும் கீழே இருக்கின்றன.

பாலைவனம் என்றால் வெப்பம் என்று நினைப்பது

இது எல்லோரும் செய்யும் தவறு. காற்றில் ஈரமில்லை, வானத்தில் மேகமில்லை. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் பொழுது சாய்ந்ததும் அப்படியே வானத்துக்கு விட்டுவிடுகிறது. பிற்பகலில் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் எட்டு மணிக்குக் கம்பளித் தொப்பி தேடுவார். இதோடு உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 58 மீட்டர் கீழே இருக்கிறது. ஜோஷுவா ட்ரீயின் ஜம்போ ராக்ஸ் முகாம் 1,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி என்று குறைத்துக்கொண்டே போனால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் வரும் என்பது தெரிந்துவிடும். முதல் இடத்தில் சுகமாகத் தூங்கிய அதே போர்வை இரண்டாவது இடத்தில் உங்களைக் கைவிடும். வானிலைச் செயலியில் பக்கத்து ஊரின் பெயரைப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. முகாமின் உயரத்தைப் பாருங்கள்.

அடுத்தது ஸ்லீப்பிங் பேக். என்னுடையதில் மைனஸ் 7 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே இருந்த இரவிலேயே நான் பற்கள் கிட்டிக்கப் படுத்திருந்தேன். பக்கத்தில் அதே மாதிரிப் பையில் இவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காலையில் உள்பக்கம் தைத்திருந்த சிறிய துணிச்சீட்டைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை; அது சராசரிப் பெண்ணை வைத்துக் கணக்கிடப்படுவது. மற்றொன்று தாங்கும் எல்லை. அது சராசரி ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு படுத்தால் தாங்கக்கூடியது. பையின் பெயரில் பெரிதாகப் போட்டிருந்தது இரண்டாவது எண். தம்பதியாகப் போகிறவர்கள் ஒரே மாதிரி இரண்டு பை வாங்கினால் ஒருவர்தான் தூங்குவார். பெண்கள் வசதி எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது நல்லது.

பையைவிட முக்கியம் அடியில் விரிப்பது. உடம்பின் கனத்தில் பையின் அடிப்பக்க அடைப்பு நசுங்கிவிடுவதால் கீழேயிருந்து வரும் குளிரை அது தடுக்காது. வீட்டில் விருந்தாளிக்குப் போடும் காற்றடைத்த மெத்தை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்று இரவு முழுக்கத் தரையின் குளிரைக் குடித்துக்கொண்டிருக்கும். முகாமுக்கென்றே செய்யப்படும் விரிப்புகளில் ஆர்-மதிப்பு என்று, குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு அது 4 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். பணம் குறைவாக இருந்தால் பையில் மிச்சம் பிடியுங்கள், விரிப்பில் வேண்டாம்.

அடுப்பும் அனலும்

காலை ஆறு மணி, காப்பிக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்தால் சுடர் மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் எரிகிறது. வாயுக் குப்பியை ஆட்டினால் உள்ளே திரவம் குலுங்குகிறது. வாயு தீர்ந்துவிடவில்லை, ஆவியாக மறுக்கிறது. குப்பியில் இருக்கும் பியூட்டேன் வாயு கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில். அதற்குக் கீழே அது குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை ஒத்துழைக்கும். ப்ரொபேனுக்கு மைனஸ் 42 வரை கவலையில்லை. ஆகவே குளிர்காலத்துக்கு ப்ரொபேன் அடுப்பு, அல்லது ப்ரொபேன் கலந்த குப்பி. இன்னொரு சின்ன விஷயம்: படுக்கப் போகும் முன்பே பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி அடுப்பின் மேல் வைத்துவிடுங்கள். கேனில் தண்ணீர் உறைந்தால் வாய் வழியாக ஒரு சொட்டு வராது. பாத்திரத்தில் உறைந்தால் அப்படியே அடுப்பைப் பற்ற வைக்கலாம்.

இனிச் சொல்வது கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். குளிர் தாங்காமல் அந்த அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ கொண்டு போகாதீர்கள். கரித்தணலும் கூடாது. எரியும் எதுவும் அடைத்த இடத்தில் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு மணம் கிடையாது. தலைவலி வரும், தூக்கம் வரும். இருவரும் தூங்கிவிட்டால் எழுப்ப ஆளிருக்காது. வேனில் ஹீட்டர் வைத்திருப்பவர்கள் புகை வெளியே போகும் குழாயுள்ளதாக வைத்துக்கொள்ள வேண்டும், எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம் வேண்டும். கூடாரத்தில் இருப்பவர்களுக்கு எளிய வழி உண்டு. கொதித்த நீரை நன்றாக மூடும் புட்டியில் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, பைக்குள் கால்மாட்டில் வைத்தால் நள்ளிரவு தாண்டியும் சூடு இருக்கும்.

இருட்டிய பிறகு போய்ச் சேருவது

நீண்ட சாலைப் பயணம் போகிறவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர், ஓர் இடத்தில் மூன்று இரவாவது தங்கு. குளிர்காலத்தில் முன்னூறே அதிகம் என்பேன். ஆனால் மூன்று மணி என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆன்ஸா-பொரேகோவில் நாங்கள் ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், கும்மிருட்டு. கார் விளக்கு வெளிச்சத்தில் சமதளம் என்று நினைத்துக் கூடாரம் அடித்தோம். முளையடிக்கச் சுற்றி வந்த இவருடைய கெண்டைக்காலில் ஒரு சோய்யா கள்ளித் துண்டு ஒட்டிக்கொண்டது. பார்க்கப் பஞ்சுப்பந்து போலத்தான் இருக்கும். முள்ளின் நுனியில் பின்நோக்கிய நுண்கொக்கிகள் இருப்பதால் கையால் பிடுங்கினால் கையிலும் ஏறிக்கொள்ளும். தலைவாரும் சீப்பைக் கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே வீச்சில் நெம்ப வேண்டும். நெம்பினேன். துண்டு பறந்து போய்க் கூடாரத் துணியில் ஒட்டிக்கொண்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து காரின் கதவுப் பையில் ஒரு சீப்பும் இடுக்கியும் நிரந்தரமாக இருக்கின்றன.

முள்ளோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். விடிந்ததும் பார்த்தால் நாங்கள் படுத்திருந்தது வறண்ட ஓடைப்படுகையின் விளிம்பு. இருட்டில் அதைப்போல் கவர்ச்சியான இடம் வேறில்லை: மெத்தென்ற மணல், இருபுறமும் கரை, காற்றுக்கு மறைவு. தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே முப்பது கிலோமீட்டர் தள்ளி மலையில் பெய்த மழை அந்த வழியாக வரும். டெத் வேலியில் 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயலின் மிச்சம் ஓராண்டில் பெய்யும் அளவு மழையை ஒரே நாளில் கொட்டியது. சாலைகள் அறுந்து, அக்டோபர் நடுப்பகுதி வரை பூங்கா மூடிக் கிடந்தது. குளிர்காலமும் விதிவிலக்கில்லை. 2024 பிப்ரவரி மழையில் பேட்வாட்டர் உப்புத்தரை மறுபடி ஏரியாகி, அங்கே சிலர் துடுப்புப் படகு ஓட்டினார்கள். அழகுதான். ஆனால் அந்த மாதிரி நாளில் மண்சாலையில் இறங்கினால் சக்கரம் அச்சுவரை புதையும். பூங்கா இணையத்தளத்தில் சாலை நிலவரத்தைத் தினமும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்று நினைப்பதும் தவறுதான். நில மேலாண்மைப் பணியகத்தின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். பிறகு இடம் மாற வேண்டும். தேசியப் பூங்காக்களில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஜோஷுவா ட்ரீயில் சாலையோரம் காரில் தூங்குவதற்கு அனுமதியில்லை. ஆன்ஸா-பொரேகோவில் திறந்த வெளியில் தங்கலாம், ஆனால் தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. உலோகத் தொட்டியில்தான் மூட்ட வேண்டும், சாம்பலையும் எடுத்துப் போக வேண்டும். அங்கே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும் கூடாது.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய சாலைகளில் சோதனைச் சாவடிகள் வரும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத 18 வயது கடந்தவர்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டோ, நாட்டுக்குள் நுழைந்ததைப் பதியும் ஐ-94 தாளோ, வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்து பயனில்லை.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், அதற்கு மேல் சமையலுக்கு. ஜோஷுவா ட்ரீயின் பெரும்பாலான முகாம்களில் குழாயே கிடையாது. பெட்ரோல் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த நிலையத்தில் நிரப்பிவிடுங்கள். வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கூடவே அச்சிட்ட வரைபடமும் இருக்கட்டும். ஜி.பி.எஸ். காட்டும் குறுக்கு வழியை நம்பிப் போய் மாட்டிக்கொள்வது டெத் வேலியில் அடிக்கடி நடப்பதால், அங்குள்ள காவலர்கள் 'ஜி.பி.எஸ். சாவு' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: பாலைவன எலிகள் சூடான எஞ்சினைத் தேடி வந்து ஒயர்களைக் கடிக்கும். அதனால் பலர் இரவில் பானெட்டைத் திறந்தே வைக்கிறார்கள். முதல் நாள் பார்த்தபோது முகாமில் எல்லாக் காரும் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன்.

நடுவே ஒரு பள்ளத்தாக்கு

பாலைவனத்திலிருந்து கடற்கரைக்குப் போகிறவர்கள் மறந்துபோவது நடுவே இருக்கும் மத்தியப் பள்ளத்தாக்கை. டெஹாச்சபி கணவாய் வழியாக பேக்கர்ஸ்ஃபீல்டில் இறங்கினால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை டூலி மூடுபனி காத்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அமைதியான இரவில் தரையிலிருந்து கிளம்பும். மலைகளுக்கு நடுவே குளிர்க்காற்று சிக்கிக்கொள்வதால் கலையவும் கலையாது. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு தெரியும்போது பிரேக்கை மிதிக்க நேரமிருக்காது. 2007 நவம்பரில் ஃப்ரெஸ்னோ அருகே நெடுஞ்சாலை 99இல் நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. விடியற்காலையில் கிளம்பிச் சீக்கிரம் போய்விடலாம் என்ற கெட்டிக்காரத்தனம் இங்கே எடுபடாது. பதினொரு மணிக்கு மேல் கடக்குமாறு திட்டமிடுங்கள். பனியில் உயர்விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், தாழ்விளக்கு போதும்.

கடற்கரைக்கு வந்ததும் தளர்ந்துவிடுவது

மோரோ பேயில் இரவு ஏழெட்டு டிகிரி. பூஜ்யத்தில் படுத்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் இரவு குளிருக்குப் பயந்த பழக்கத்தில் கூடாரத்தின் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினோம். நள்ளிரவில் நெற்றியில் சொட்டு விழுந்தது. மழை என்று நினைத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூரைத் துணி முழுக்க முத்து முத்தாக எங்கள் மூச்சு. பாலைவனத்தில் வறண்ட காற்று அதைக் குடித்துவிடும். கடலோரக் காற்று ஏற்கெனவே நனைந்திருக்கிறது. இறகு அடைத்த பை ஈரம் பட்டால் ஒட்டிப்போய்ச் சூட்டை இழக்கும். மூன்றாம் நாள் அது கனத்த துணி மூட்டையாகிவிட்டது. குளிராக இருந்தாலும் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுவழியைத் திறந்துதான் வைக்க வேண்டும். வேனிலும் இரண்டு ஜன்னலை விரல் அளவுக்கு இறக்க வேண்டும். நண்பகல் வெயில் கிடைத்தால் மற்றதை விட்டுவிட்டுப் பைகளை உலர்த்துங்கள்.

பாலைவனத்தில் கிடைத்த இலவச நிலமும் இங்கே இல்லை. பிக் சர் பகுதியில் ஹைவே 1 ஓரமாக இரவு தங்குவதற்குத் தடை இருக்கிறது. மாநிலப் பூங்கா முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். அந்தச் சாலையும் நிலையானதன்று. 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலைச்சரிவே கடலுக்குள் இறங்கியது. சாலை திறக்க 2018 ஜூலை ஆயிற்று. அதற்குப் பிறகும் மழைக்காலங்களில் சரிவுகள் வந்தன. மூடியிருந்தால் உள்நாட்டில் போகும் நெடுஞ்சாலை 101 வழியாகப் பெரிய சுற்றுத்தான். கலிபோர்னியா போக்குவரத்துத் துறை இணையத்தில் தரும் சாலை நிலவர வரைபடமான குவிக்மேப்பைப் பார்க்காமல் முன்பதிவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். குளிர்காலத்தில் அமைதியாக இருபது நிமிடம் போன பிறகு திடீரென்று ஓர் அலை மணலில் வெகுதூரம் ஏறி வரும். டிசம்பர், ஜனவரியின் பெரிய ஓதங்களின்போது கடற்கரையே இல்லாமல் போகும் இடங்களும் உண்டு. சான் சிமியன் அருகே பியத்ராஸ் பிளாங்காஸில் யானைச் சீல்கள் குட்டி போடுவதும் அதே மாதங்களில்தான். மேலே பலகை மேடையிலிருந்து பார்க்க ஒரு முழுப் பகல் ஒதுக்கலாம்.

இருவர், ஒரு கூடாரம்

ஆறு வாரத்தில் நாங்கள் போட்ட சண்டைகளில் ஒன்றுகூடப் பகலில் நடக்கவில்லை. ஐந்து மணிக்கு இருட்டி, ஆறரைக்குச் சாப்பாடு முடிந்து, ஏழு மணிக்குப் பைக்குள் நுழைந்தால், தூக்கம் வருவதற்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. "விளக்கை அணை" என்பதில் தொடங்கி எங்கெங்கோ போகும். ஒரே விளக்கு, ஒரே புத்தகம், ஒரே சார்ஜர் என்று சிக்கனம் பார்த்ததுதான் காரணம். குளிர்காலத்தில் சூரியத் தகடும் குறைவாகத்தான் மின்சாரம் தரும். லித்தியம் பேட்டரிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. மின்சாரத்துக்கே பங்கீடு வேண்டியிருந்தது.

பத்தாவது நாள் யூக்கா வேலி ஊரில் நிறுத்தி இரண்டாவது தலைவிளக்கு வாங்கினோம். ஒன்பது மணி வரை அவரவர் வேலை, அதுவரை யாரும் யாரிடமும் மறுநாள் வழியைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஏற்பாடு. வாரத்தில் ஓர் இரவு மோட்டல்: வெந்நீர்க் குளியல், துணி துவைப்பு, தனித்தனிக் கட்டில். முதல் மோட்டல் இரவில் பழக்கதோஷத்தில் நான் ஏழு மணிக்கே படுத்துவிட்டேன். இவர் குளியலறையில் கூடாரத்தை உலர்த்திக்கொண்டிருந்தார்.