ஒரே ராத்திரியில் நடக்கும் இசைக் காதல் நாவல்: ஏற்காட்டு மலைப்பாதையில் எழுதுவது எப்படி?

முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரு ராத்திரி, நடுவில் பாட்டு. இப்படித் தொடங்கும் நாவல்கள் பெரும்பாலும் மூன்றாவது அத்தியாயத்தில் நின்றுபோகும். இவர்கள் ஏன் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை என்பதற்குக் கதையில் பதில் இருக்காது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளை விடியவிடிய வெளியே இருக்க நம் ஊரில் யார் விடுவார்கள்? எனவே அவர்களை எங்கே மாட்டிவைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதற்கு ஏற்காடு மலைப்பாதை அருமையான இடம். மே மாதக் கோடை விழாவில் இன்னிசைக் கச்சேரி. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதால் அதற்குள் மேடை அடங்கிவிடும். சேலத்துக்கு இறங்கும் பேருந்துக்கு முன்னால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், அச்சு முறிந்த லாரி ஒன்று குறுக்கே நிற்கட்டும். பேருந்தில் அவளுடைய சித்தி குடும்பம். கடைசி சீட்டில் கச்சேரிக் குழுவோடு அவன். பெரியவர்கள் பக்கத்திலேயே தூங்குவதால் பேச்சு தணிந்த குரலில்தான் நடக்கும். காதல் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

10 மணியிலிருந்து 6 மணிவரை 8 மணி நேரம். 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,700 சொல் என்றால் ஏறக்குறைய 40,000 சொல் வரும். சராசரி 20 நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம். ஆனால் அப்படியே வெட்டாதீர்கள். நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுக்கலாம், இருவரும் கண்ணயரும் ஒரு மணி நேரத்தை ஒரு வரியில் தாண்டலாம். போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் மிச்சம் என்று தனித்தாளில் குறித்துவாருங்கள். நள்ளிரவில் 9 சதவீதம் இருந்த போன் மூன்று மணிக்குப் பாடினால் வாசகர் பிடித்துவிடுவார்.

பலர் சறுக்குவது இசையில்தான். ‘தேனாய் இனித்தது’, ‘மெய்மறந்தாள்’ என்றெல்லாம் எழுதினால் எதுவும் கேட்காது. இசையால் ஏதாவது நடக்க வேண்டும். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டினால், ஸ்டீரியோ பதிவில் ஒவ்வொரு காதுக்கும் வேறு ஒலி போவதால் இருவருக்கும் கேட்பது ஒன்றல்ல.

“இந்த வயலின் எவ்வளவு நல்லாருக்கு!”

“வயலினா? எனக்கு கிடார்தாங்க கேக்குது.”

அவள் தன் காதிலிருந்து கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். அதுவரை அவன் ஒருமுறைகூடக் கவனித்துக் கேட்காத வயலின் அது. (இரு காதுக்கும் ஒரே ஒலி போகும் பழைய மோனோ பதிவில் இது நடக்காது, பாட்டின் காலத்தைப் பார்த்து எழுதுங்கள்.)

சேர்ந்து பாடும் காட்சியில் சுருதியை மறக்காதீர்கள். அவனுக்கு 1 கட்டை, அவளுக்கு 5 கட்டை என்று வைத்துக்கொள்வோம் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு). அவள் சுருதியில் மேலே போனால் அவன் குரல் உடையும். அவன் சுருதியில் கீழே இறங்கினால் அவளுக்கு வெறும் காற்றுதான் வரும். யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதிலேயே இருவரின் குணமும் தெரிந்துவிடும். கோடை மழை பெய்தால் அவனுடைய தபலாவின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி அவன் அதை ஏற்றும்போது அவள் தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சினிமாப் பாட்டு வரிகளை அப்படியே அச்சிடாதீர்கள். எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை காப்புரிமை உண்டு, அனுமதி வாங்க வேண்டும். பாரதியார் பாடல்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆகிறது என்பது இந்த நாவலின் மிகப் பெரிய சம்பவம். பாதிக்கு முன்னால் வேண்டாம். முதலில் அவள் மாறட்டும். அவன் வாயில் இன்னும் நான்கு பக்கத்துக்கு ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வரட்டும்.

முடிவில் காதலைச் சொல்லும் வசனம் தேவையில்லை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். பேருந்து வேகமாக இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும். சேலம் அஸ்தம்பட்டியில் சித்தி குடும்பத்தோடு அவள் இறங்குகிறாள், திரும்பி ஏதோ சொல்கிறாள். அவனுக்குப் பாதிதான் கேட்கிறது. எச்சில் விழுங்கி அவன் காது திறப்பதற்குள் பேருந்து கிளம்பிவிடுகிறது. அந்தப் பாதிச் சொல் என்ன என்பதை, முதல் அத்தியாயம் எழுதும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.