சிட்னியில் வீடு எடுக்கும் முன், தெருவின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

குடும்பத்தோடு சிட்னிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ஏரியா நல்லது?" என்றுதான். நாங்கள் 2023 ஜனவரியில் திருச்சியிலிருந்து வந்தபோது எங்களுக்கும் அதே கேள்விதான் இருந்தது. நாலு பேர் நாலு ஊர்ப் பெயர் சொன்னார்கள், யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அதனால் எங்களுக்கு இரண்டாயிரத்து எழுநூறு டாலர் போனது. அதைவிட, என் மகள் பத்து வாரம் பட்ட அலைச்சல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் ஊர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகரின் நடுவில் வேலை, கையில் அளவான சம்பளம், கூடவே பிள்ளைகள் என்றால் நம்மவர்கள் பார்ப்பது மேற்குப் பக்கம்தான். பாராமட்டாவைத் தாண்டி வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன் என்று ரயில் பாதையிலேயே வரிசையாக வரும். பெண்டில் ஹில்லும் டூங்காபியும் ஈழத்தமிழர் பல ஆண்டுகளாக வாழும் இடங்கள். கடையில் இறங்கினால் ஒடியல் மாவிலிருந்து முருங்கைக்காய் வரை கிடைக்கும். முருகன் கோயில் மேஸ் ஹில்லில், பெரிய நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. தைப்பூசத்தன்று அங்கே போய் நின்றபோதுதான் வந்த பிறகு முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் இரண்டும் நகருக்கு இன்னும் கிட்ட, அங்கேயும் தமிழர்கள் நிறைய. ஆனால் மேற்கே தனி வீடு கிடைக்கும் வாடகைக்கு அங்கே கிடைப்பது அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட். வடமேற்கில் ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க் பக்கம் புது வீடுகள் பளபளவென்று இருக்கும். ஸ்கோஃபீல்ட்ஸில் ரயில் உண்டு, மார்ஸ்டன் பார்க்கில் இல்லை. கார் வாங்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். போனால் ஒரு காரும் போதாது, ஆளுக்கொன்று வேண்டும், நெடுஞ்சாலைச் சுங்கம் வேறு.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரைபடத்தில் கிட்ட இருப்பதெல்லாம் நேரத்திலும் கிட்ட இருப்பதாக நினைக்காதீர்கள். வேக ரயில்கள் பிளாக்டவுனிலும் பாராமட்டாவிலும் நிற்கும், நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன்கள் சிலவற்றில் நிற்காமல் போய்விடும். வீடு பார்க்கப் போகும்போது காலை ஏழரை மணி ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாக ஓடும் ரயிலை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வெயிலைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். "திருச்சிக்காரி வெயிலுக்குப் பயப்படுறியா?" என்று என் அண்ணனே கேட்டார். 2020 ஜனவரி 4ஆம் தேதி மேற்குச் சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. கடல்காற்று இவ்வளவு தூரம் உள்ளே வந்து சேராது. மேற்கே போகப் போக வாடகை குறையும், சூடு ஏறும். ஏசி இல்லாத வீட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், கைக்குழந்தை உள்ளவர்கள் எடுக்காதீர்கள்.

வாடகை நடைமுறை எளிதானதுதான். வாரக் கணக்கில் பேசுவார்கள், மாதக் கணக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சென்னை மாதிரி பத்து மாத அட்வான்ஸ் கிடையாது. வைப்புத்தொகை அதிகபட்சம் நான்கு வார வாடகை, முன்வாடகை இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கக்கூடாது. வைப்புத்தொகை வீட்டுக்காரர் பையில் போகாது, மாநில அரசின் (நியூ சவுத் வேல்ஸ்) கணக்கில் இருக்கும். வீட்டின் நிலை பற்றி ஓர் அறிக்கை தருவார்கள். அதை ஏழு நாளுக்குள் நிரப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, தரையில் இருக்கும் கறை என்று ஒன்றுவிடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், மிச்சத்தை ஏஜென்டே சொல்லிக்கொடுப்பார்.

இனி பள்ளிக்கூட விஷயம்.

நம் ஊரில் பள்ளி என்றால் எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். காசும் சிபாரிசும் இருந்தால் பத்து கிலோமீட்டர் தள்ளியும் சேர்த்து வேனில் அனுப்புவோம். இங்கே அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் குடியிருக்கும் பிள்ளைகளுக்குத்தான் முதல் உரிமை. இடம் நிறைந்த பள்ளிகள் வெளியாட்களை எடுக்கவே மாட்டா. இவ்வளவும் எங்களுக்கு அப்போதே தெரியும். அந்த எல்லை எப்படிப் போகும் என்பதுதான் தெரியாது.

நாங்கள் பார்த்த வீடு டூங்காபிக்கும் பெண்டில் ஹில்லுக்கும் நடுவில், வாரம் 560 டாலர். பழைய வீடுதான், ஆனால் பின்பக்கம் ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. மாடிப்படியும் இல்லை, தவழும் பையனுக்குச் சரி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்தின் கம்பி வேலி தெரியும். ஏஜென்ட் அதைக் காட்டி, "ஸ்கூல் பக்கத்திலேயே இருக்கிறது, உங்கள் மகள் நடந்தே போகலாம்" என்றார். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். ஜனவரியில் இங்கே கோடை விடுமுறை, பள்ளி அலுவலகம் பூட்டியிருந்தது. கேட்க ஆளில்லை, கேட்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று காலை மகளை அழைத்துக்கொண்டு போனேன். ஊரிலிருந்து அவள் தாத்தா வாங்கிக்கொடுத்த ஊதா நிறப் பையை, உள்ளே ஒன்றும் இல்லாமலே, தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். கவுன்டரில் இருந்த அம்மாள் எங்கள் முகவரியைக் கணினியில் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். அதில் எங்கள் தெரு இருந்தது. தெருவின் நட்டநடுவில் ஒரு கோடு ஓடியது. ஒற்றைப்படை எண் வீடுகள் கோட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் இரட்டைப்படை. "மன்னிக்கணும், உங்களுக்கு வேறு பள்ளி" என்று அன்பாகத்தான் சொன்னார். என் மகளுக்கு அந்த ஆங்கில உச்சரிப்பு புரியவில்லை. "அம்மா, எந்த கிளாஸ்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ பிள்ளை, கையெழுத்து வைக்க முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. இந்தக் கோடு எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவரை எனக்கு அதற்கு முன் தெரியாது, எப்படிக் கேட்டிருக்க முடியும்? ஆனால் அந்த "பிள்ளை"யைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

எங்களுக்கு உரிய பள்ளி எதிர்த்திசையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நேர் பஸ் கிடையாது, அப்போது எங்களிடம் காரும் இல்லை. கணவர் ஆறரை மணி ரயிலைப் பிடித்துவிடுவார். தள்ளுவண்டியில் பையன், ஒரு கையில் மகள் என்று பிப்ரவரி வெயிலில் காலையும் மாலையும் போய்வந்தேன், ஒரு நாளைக்கு எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாது. அந்தப் பள்ளி மோசம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்கென்று அங்கே தனியாக ஓர் ஆசிரியை இருந்தார், என் மகளின் பெயரைச் சரியாக உச்சரிக்க இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். பிரச்சினை தூரம்தான். மார்ச் கடைசியில் பையனுக்குக் காய்ச்சல் வந்து, மகள் மூன்று நாள் பள்ளிக்குப் போக முடியாமல் போனதும், இது நடக்காது என்று முடிவு செய்தோம்.

இந்த மாநிலத்தில், மூன்று ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் இவ்வளவு என்று சட்டமே அளவு வைத்திருக்கிறது. காலத்தில் கால் பங்குகூட முடியவில்லை என்றால் நான்கு வார வாடகை, கால் முதல் பாதிக்குள் மூன்று வாரம், பிறகு இரண்டு, கடைசிக் காலில் ஒன்று. நாங்கள் முதல் கணக்கில் வந்தோம், 2240 டாலர். சாமான் ஏற்ற வண்டிக்கு 480. கட்டிவிட்டு, மகள் படித்த அதே பள்ளியின் எல்லைக்குள், நடந்து ஆறே நிமிடத்தில் ஒரு வீடு பிடித்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

அதனால் சொல்கிறேன், ஊர்ப் பெயரை வைத்தோ தபால் எண்ணை வைத்தோ பள்ளியைத் தீர்மானிக்காதீர்கள். மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளி தேடும் பக்கம் இருக்கிறது. அதில் தெருப் பெயர் மட்டும் போடாமல் வீட்டு எண்ணோடு முழு முகவரியைப் போடுங்கள். எந்தப் பள்ளி என்று அதுவே காட்டும். விளம்பரத்தில் "பள்ளிக்கு அருகில்" என்று இருந்தால் அது தூரத்தைச் சொல்கிறது, எல்லையைச் சொல்லவில்லை. பக்கத்தில் புதுப் பள்ளி திறந்தால் எல்லையும் மாறும். ஆகவே அண்ணன் பிள்ளை நாலு வருடம் முன்னால் சேர்ந்தான் என்பதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கூட்டம் அதிகமுள்ள பள்ளிகளில் முகவரிக்கு 100 புள்ளி ஆதாரம் கேட்பார்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் மூலம் போட்ட, ஆறு மாதத்துக்குக் குறையாத வாடகை ஒப்பந்தத்துக்கு 40 புள்ளி. தனியார் ஒப்பந்தம் என்றால் 20தான். கரண்ட் பில், இணைய பில், முகவரியுள்ள அரசு அடையாள அட்டை, வீட்டுச் சாமான் காப்பீடு ஒவ்வொன்றும் 15. நம்ம ஆள் வீடுதானே என்று வாய்ப்பேச்சில் பின்கட்டில் குடியேறி வாடகையைக் கையில் கொடுக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. சொந்தக்காரரே ஆனாலும் எழுதி வாங்குங்கள். ஏதாவது ஒரு பில்லாவது முதல் வாரமே உங்கள் பெயரில் வரட்டும்.

"மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்த்துவிடு, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்றும் ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது, அதுவும் கோயில் மண்டபத்தில் வைத்து. செய்யாதீர்கள். தெரிந்தால் சேர்க்கையை ரத்து செய்ய முடியும். அதோடு, அது உண்மையிலேயே அந்த எல்லைக்குள் இருக்கும் ஒரு குழந்தையின் இடம்.

பெண்டில் ஹில்லை ஒட்டியிருக்கும் கிராவீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கும் உயர்நிலைப் பள்ளி முழுக்க நுழைவுத்தேர்வில் எடுப்பது. அதற்கு எல்லையே கிடையாது. பிள்ளை ஆறாம் வகுப்பில் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கினால் எங்கிருந்தும் போகலாம், வாங்காவிட்டால் பக்கத்துச் சுவரில் குடியிருந்தாலும் கிடைக்காது. இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்காக அதிக வாடகை கொடுத்து அங்கே போகும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காசில் பிள்ளையை வாரம் ஒருமுறை நீச்சலுக்கு அனுப்பலாம். இங்கே நீச்சல் தெரியாமல் வளர்வது ஆபத்து.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். தற்காலிக விசாவில் வருகிறவர்கள், அந்த விசா வகைக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் உண்டா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சில விசாக்களுக்கு ஆயிரக்கணக்கில் வரும், அதை வாடகையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். இங்கே ஒரு மருத்துவரிடம் கொடுத்து தேசியப் பதிவேட்டில் ஏற்றினால்தான் பள்ளி கேட்கும் சான்று கிடைக்கும். எங்கள் அட்டை அரிசிச் சாக்கு மாதிரி கட்டிய பெட்டியின் அடியில் இருந்தது, தேடி எடுக்க ஒரு நாள் ஆனது.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். மனைவி, முதல் வகுப்புக்குப் போகும் மகன், அடுத்த மாதம் வருகிறார்கள். "அக்கா, பெண்டில் ஹில் ஓகேவா?" என்று கேட்டார். வீட்டு எண்ணோடு முகவரி அனுப்புங்கள் என்றேன். மூன்று அனுப்பினார். அவர் நினைத்த பள்ளிக்கு இரண்டு வீடு எல்லைக்கு வெளியே, ஒன்று உள்ளே. உள்ளே இருப்பதைச் சனிக்கிழமை பத்தரைக்குத் திறந்து காட்டுகிறார்கள். நான் போய் ஏசியைப் போட்டு, குழாயைத் திறந்து, வீட்டுக்கும் பள்ளி வாசலுக்கும் நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.