பெட்டி, துணி, 1992: திருகோணமலையில் காயப்பட்ட காட்டுயிர் கிடைத்தால்

காயப்பட்ட குருவியோ குரங்கோ கண்ணில் பட்டவுடன் எங்கட ஆட்களுக்கு முதலில் வருவது தண்ணி பருக்குகிற ஆசை. அதைச் செய்யாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறந்து கிடக்கிறது. போத்தல் மூடியால் ஊற்றுகிற தண்ணி அதற்குள்தான் போகும். நான் உப்புவெளியில் ஓட்டோ ஓட்டுகிறவன். எனக்கு வருகிற அழைப்புகளில் வழக்கமான வசனம் ஒன்று உண்டு: "அண்ணே, தண்ணியும் பாணும் குடுத்தனாங்கள், இப்ப தலையைத் தொங்கப்போட்டுட்டுது." பாணும் வேண்டாம், பசுப்பாலும் வேண்டாம். முதல் சில மணித்தியாலத்துக்கு அதற்குத் தேவை இருட்டு, சூடு, அமைதி. மூன்றும் காசில்லாமல் கிடைக்கிறவை.

எங்களுடையது பெயர்ப்பலகை இல்லாத சின்னக் கூட்டம். ஓட்டோக்காரர், ஒரு மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட ரீச்சர்மார், கரைவலைச் சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவர், வட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிற வெளிநாட்டுக்காரர் சிலர். வைத்தியம் எங்கள் வேலை இல்லை. எடுப்பது, மூடுவது, அறிவிப்பது, ஒப்படைப்பது, பிறகு வைத்தியர் கேட்கிற சாமானைத் தேடிக் கொடுப்பது, அவ்வளவுதான். சட்டமும் அதற்கு மேல் விடாது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரை "நான் வளர்த்துத் தேற்றுறன்" என்று வீட்டில் வைத்திருந்தால் அது குற்றம். நல்ல மனது அங்கே எடுபடாது.

ஆகவே முதல் வேலை தொலைபேசி. வனசீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம் 1992. மனுசருக்கு அம்புலன்ஸ் 1990, மிருகத்துக்கு 1992 என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் மறக்காது. மின்கம்பியில் அடிபட்ட மயிலோ வௌவாலோ கிடந்தால் அதற்கு முன் 1987க்கு, மின்சார சபைக்கு எடுங்கள். கம்பி அறுந்து கிடக்கிற இடத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். பேசும்போது கதையை ஆதியிலிருந்து தொடங்க வேண்டாம். இடம், பக்கத்தில் இருக்கிற அடையாளம், என்ன உயிர், எவ்வளவு பெரிசு, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது. இந்த ஒழுங்கில் சொன்னால் போதும். சிங்களத்தில் சரளமாகப் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டத்தில் வைத்திருங்கள். வருகிற உத்தியோகத்தரோடு பாதி வழியிலேயே விஷயம் முடியும்.

இனிப் பெட்டி. தண்ணிப் போத்தல் வருகிற காட்போட் பெட்டி நல்லது. காற்றுத் துளைகளை உயிரை உள்ளே வைப்பதற்கு முன் குத்துங்கள். வைத்த பிறகு பேனையால் குத்துகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அடியில் பழைய சாரம் அல்லது பெட்சீட் விரியுங்கள். துவாய் வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். பறவை உள்ளே நிற்கலாம், ஆனால் செட்டை விரிக்க இடம் இருக்கக்கூடாது. இடம் இருந்தால் அடித்து அடித்து முறிவைப் பெரிதாக்கும். மூடியைத் திறந்து "எப்படி இருக்குது?" என்று பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு புலி எட்டிப் பார்க்கிற மாதிரி. ஓட்டோவில் பாட்டை நிற்பாட்டுங்கள், பக்கத்துச் சீலையைப் படபடக்காமல் இறுக்கிக் கட்டுங்கள், பெட்டியை ஒருவர் மடியில் வைத்திருக்கட்டும். சீற்றில் வைத்தால் வீதிக் குழி ஒவ்வொன்றும் முறிந்த எலும்பில் போய் விழும்.

பறவையைப் பிடிக்கும்போது துணியை மேலே போட்டு, செட்டை இரண்டையும் உடலோடு சேர்த்துத் தூக்குங்கள். நெஞ்சை நெரிக்க வேண்டாம். நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் பறவைக்கு மூச்சு. செம்பருந்து என்றால் பயப்பட வேண்டியது சொண்டுக்கு அல்ல, கால் நகத்துக்கு. கொக்கு, நாரை என்றால் மறுபக்கம்: காலால் ஒன்றும் செய்யாது, சொண்டு நேரே கண்ணுக்கு வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சொண்டைக் கட்டலாமா என்று கேட்பார்கள். நீர்க்காகத்துக்கு வெளி மூக்குத்துவாரம் இல்லை, அது வாயால்தான் மூச்சு விடும். அதன் சொண்டை ரேப்பால் சுற்றினால் பெட்டி திறக்கும்போது செத்திருக்கும்.

பூனை கவ்விய பறவையில் காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பூனை எச்சிலில் இருக்கிற கிருமி மறுநாளைக்குள் இரத்தத்தில் ஏறிவிடும். செட்டை முளைத்துத் தத்தித் தத்தி நிலத்தில் திரிகிற குஞ்சை மட்டும் எடுக்காதீர்கள். அது பறக்கப் பழகுகிறது, தாய் மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பூனை வராத கொப்பில் ஏற்றிவிட்டு விலகுங்கள். மனுசர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது பறவைகளின் விஷயத்தில் பொய்.

கடலாமைதான் எங்களுக்கு அதிக வேலை வைக்கிறது. வாடைக்காற்று காலத்தில், கார்த்திகை, மார்கழியில், கடல் கொந்தளித்த அடுத்த நாள் சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிக் கரைகளில் அறுந்த தங்கூசி (நைலோன் நூல்) வலைப் பந்தோடு ஆமை ஒதுங்கும். பார்க்கிற ஆட்கள் உடனே நான்கு பேர் சேர்ந்து கடலுக்குள் தள்ளுவார்கள். தள்ள வேண்டாம். ஆமை மூச்சு விடுவது காற்றில். தலை தூக்கப் பலமில்லாத ஆமை கடலில் மூழ்கிச் சாகும். கை, கால் துடுப்பைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், மூட்டு விலகும். ஓட்டின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் பிடித்துத் தூக்குங்கள். சிற்றாமை ஒன்றே நாற்பது கிலோ வரை வரும், பேராமை என்றால் நூறுக்கு மேலும் போகும். ஆளைக் கூப்பிடுங்கள்.

நிழலில் வைத்து ஓட்டின் மேல் ஈரச் சாக்குப் போடுங்கள், மூக்கை மூடாமல். வலையில் மூழ்கிக் கிடந்து அசையாமல் வந்த ஆமையை மல்லாத்திப் போட்டு நெஞ்சில் அமுக்குகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது கூடாது. வயிறு நிலத்தில் பட, பின்பக்கம் 15 சென்ரிமீற்றர் அளவுக்கு உயர, கீழே பழைய ரயர் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். நுரையீரலில் உள்ள தண்ணி வடியும். கண்ணிமையையும் வாலையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் அசைவு தெரியலாம். மணிக்கணக்காகக் கிடந்துவிட்டு எழும்பிய ஆமைகள் உண்டு, ஆகவே அவசரப்பட்டுச் செத்ததென்று சொல்லிவிடாதீர்கள்.

உடம்பில் சுற்றிய வலையை வெட்டலாம். கத்தி வேண்டாம், முனை மழுங்கிய கத்தரிக்கோல். ஆனால் வாயிலிருந்தோ பின்துவாரத்திலிருந்தோ தங்கூசி வெளியே வந்தால் அதை ஒருபோதும் இழுக்காதீர்கள். மறுமுனையில் தூண்டில் குடலைப் பிடித்திருக்கும். இழுத்தால் குடல் நூலில் கோர்த்த துணி மாதிரிச் சுருங்கிக் கிழியும். ஒரு முழம் நூலை வெளியே விட்டு, அதை ஓட்டில் ஒட்டிவிட்டு அனுப்புங்கள். இன்னொன்று: துடுப்பில் இறுகியிருந்த நூலை வெட்டியவுடன் ஆமை தெம்பாகத் தவழும். கரையில் நிற்கிறவர்கள் கைதட்டுவார்கள், "விடுங்கோ, விடுங்கோ" என்பார்கள். விடக்கூடாது. இரத்தம் போகாமல் இருந்த சதை நாலைந்து நாளுக்குப் பிறகுதான் அழுகத் தொடங்கும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது வைத்தியர்.

எங்கள் சம்மாட்டி ஐயா தன் வாடியில், கடற்கரைக் கொட்டிலில், ஒரு ரயர், இரண்டு சாக்கு, ஒரு கத்தரிக்கோல் எப்போதும் வைத்திருக்கிறார். கரைவலை இழுக்கிற பொடியளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வலையில் கடற்பாம்பு வந்தாலும் அவர்களுக்குத் தெரியும்: துடுப்பு மாதிரித் தட்டையான வால், மணலில் சோர்ந்து கிடக்கும், கடித்தால் நஞ்சு. தடியால்கூடத் தொடுவதில்லை. தரைப்பாம்புக்கும் இதுவே, பிடிக்கத் தெரிந்தவர் வரும்வரை தூர நில்லுங்கள்.

தரை ஆமையைக் கண்டால் தண்ணியில் போடாதீர்கள். மழைக்குப் பிறகு கன்னியாப் பக்கம் வீதியில் நட்சத்திர ஆமை ஊரும். இரக்கப்பட்டுக் கோயில் கேணியிலோ கிணற்றிலோ விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நீந்தத் தெரியாது. காலைப் பாருங்கள், விரலிடைத் தோல் இல்லாமல் உருண்டையாக இருந்தால் அது நிலத்து ஆமை. எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் வையுங்கள். வாகனம் ஏறி ஓடு வெடித்திருந்தால் பசை ஒட்ட வேண்டாம், உள்ளே கிருமியை வைத்து மூடுவதாகிவிடும். சுத்தமான கோஸ் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள்.

மான் வேறு மாதிரி. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரைக்கும் புள்ளிமான் திரிவது ஊருக்கே பெருமை. அதனாலேயே ஒரு மான் விழுந்தால் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். மானுக்குக் காயத்தை விடக் கூட்டம் ஆபத்து. துரத்திப் பிடித்த மான், பயத்திலும் ஓட்டத்திலும் அதன் தசையே உடைந்து, இரண்டு மூன்று நாள் கழித்து நின்ற இடத்தில் விழும். முதலில் ஆட்களை அகற்றுங்கள், நாயை அகற்றுங்கள். எழும்ப முடியாமல் கிடந்தால் மட்டும் கிட்டப் போய்க் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். கண் மூடினால் பாதிப் பயம் அடங்கும். பக்கவாட்டில் கிடத்தாதீர்கள், அசைபோடுகிற மிருகத்துக்கு வயிறு ஊதி மூச்சடைக்கும். வயிறு நிலத்தில் பட, கால்கள் மடிய, தலை உயர இருக்கட்டும். மயக்க ஊசி போடுவது திணைக்கள வைத்தியருடைய வேலை.

புல்லுக்குள் அசையாமல் தனியே கிடக்கிற மான்குட்டி அநாதை அல்ல. தாய் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். விலா எலும்பு தெரிய வயிறு மட்டும் ஊதிய மானைக் கண்டால் பொலித்தீனாக இருக்கலாம். அது இரைப்பையில் தங்கிவிட்டால் வயிறு நிறைந்தபடியே பட்டினி. வாழைப்பழத்தைச் சொப்பிங் பையோடு நீட்டுகிறவரிடம் நான் நேரே போய்ச் சொல்லுவேன். சண்டைக்கும் வந்திருக்கிறார்கள்.

வௌவால், குரங்கு, கீரி, மரநாய் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் ஊசியை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

தொண்டர் சேர்க்கும்போது மிருகத்தில் பாசம் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுப்பீர்களா, படம் போடாமல் இருப்பீர்களா, இரண்டே கேள்வி. ஒவ்வொரு ஊரிலும் பெட்டி வைத்திருக்கிற ஒரு வீடு போதும்: நிலாவெளியில் ஒன்று, கிண்ணியாவில் ஒன்று, பாலையூற்றில் ஒன்று. நிறைய உயிர் செத்துப்போகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைத் தாங்காதவர் கணக்கு வேலையைப் பார்க்கட்டும், அதுவும் வேண்டிய வேலைதான்.

காசு விஷயத்தில் எங்கள் முறை இது. தனி ஆளின் கணக்குக்கு ஒரு சதமும் வரக்கூடாது, இரண்டு கையெழுத்து வேண்டிய கூட்டுக் கணக்கு. ஒவ்வொரு பில்லும் அன்றைக்கே குழுவில் போக வேண்டும், பெற்றோல் பில் உட்பட. முடிந்தவரை காசு கேட்காமல் சாமான் கேளுங்கள்: தடித்த தோல் கையுறை, கோஸ், சேலைன், பழைய பெட்சீட். பறவைகளுக்குச் சூடை மீன் வாடியில் சும்மா கிடைக்கும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். கனடாவில் இருந்து ஒருவர் ஆமைக்குக் கண்ணாடித் தொட்டி வாங்கித் தருகிறேன், தன் தாயாரின் பெயரை அதில் எழுத வேண்டும் என்றார். தொட்டி வேண்டாம் அண்ணா, அந்தக் காசுக்கு ஆறு மாதப் பெற்றோல் வரும் என்றேன். கொஞ்ச நாள் கோபம், பிறகு அனுப்பினார். காசு தந்தவர் விடுமுறைக்கு வந்து "ஒருக்கா தூக்கிப் பார்க்கட்டோ?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான். மூடிய பெட்டியின் படம் அனுப்புவோம், திறந்த பெட்டியின் படம் இல்லை.

தேறிய உயிரை எங்கே விடுவது என்பதைத் திணைக்களம்தான் முடிவெடுக்கும். அதற்கு உங்களிடம் இருக்க வேண்டியது கண்டெடுத்த இடத்தின் குறிப்பு: நேரம், கரையின் பெயர், பக்கத்து வாடி. அழகாக இருக்கிறதென்று எல்லா ஆமையையும் புறாத்தீவில் கொண்டுபோய் விட முடியாது. வளர்ந்த உயிருக்கு இரை, தண்ணி, ஒளிவிடம் எல்லாம் தான் வாழ்ந்த இடத்தில்தான் தெரியும். பறவையைக் காலையில், மழை இல்லாத நாளில் விடுவார்கள். ஆந்தை, வௌவால் என்றால் பொழுதுபட்ட பிறகு. விட்ட இடத்தை முகநூலில் எழுத வேண்டாம்.

செத்துப்போனால் நீங்களாகப் புதைக்காதீர்கள், அறிவியுங்கள். வயிற்றை வெட்டிப் பார்த்தால்தான் பொலித்தீனா, தூண்டிலா, படகு அடித்ததா என்று தெரியும். ஆமை ஓட்டை வீட்டுச் சுவரில் மாட்டலாமா என்று யாராவது கேட்பார்கள், எங்கள் கரையில் தவறாமல் கேட்கிறார்கள். அதை வைத்திருப்பதும் குற்றம்.