ஆதித் திருச்சபையைப் பின்பற்றுகிறோம் என்பவர்கள் சறுக்கும் இடங்கள்

"எங்கள் சபைதான் ஆதித் திருச்சபை மாதிரி நடக்கிறது" என்ற பேச்சை ஏறக்குறைய எல்லாப் பிரிவுகளிலும் கேட்கலாம். வீட்டில் கூடி ஜெபிக்கிறவர்களும் சொல்வார்கள், அங்கி போட்டு ஆராதனை நடத்துகிறவர்களும் சொல்வார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் நாம் நமக்குப் பிடித்ததை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்குச் சாட்சி சொல்ல மட்டும் முதல் மூன்று நூற்றாண்டுகளைக் கூப்பிடுகிறோம். அந்தக் காலத்தவர் எழுதியதை முழுசாகப் படித்தால் அடுத்த சபைக்காரரைவிட நமக்குத்தான் அதிகம் உறுத்தும்.

முதல் தவறு, அந்தச் சபையில் குறையே இல்லை என்று நினைப்பது. விசுவாசிகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்ற அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தோடு வாசிப்பை நிறுத்திவிடுகிறோம். 5ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் பொய் சொல்கிறார்கள். 6ஆம் அதிகாரத்தில் கிரேக்க மொழி பேசிய விதவைகளை அன்றாடப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு கிளம்புகிறது. கொரிந்துவில் கர்த்தருடைய பந்தியிலேயே "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (அதாவது குடித்திருக்கிறான்) என்று பவுல் திட்ட வேண்டியிருந்தது. அதே கொரிந்து, முதல் நூற்றாண்டின் கடைசியில் தன் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட, ரோம் சபை நீண்ட கடிதம் எழுதிக் கண்டிக்கிறது. கிளெமெந்தின் நிருபம் என்று நாம் சொல்வது அதைத்தான். சபையில் ஒரு சச்சரவு வந்ததும் "ஆதிச் சபையில் இப்படியா நடந்தது?" என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கிளம்புகிறவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம். அப்புறம், நிலத்தை விற்றுக் கொடுக்கும்படி நெருக்கும் பிரசங்கிகள் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு. விற்பதற்கு முன் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு அனனியாவிடம் கேட்கிறார். பொய் சொன்னதுதான் அங்கே குற்றம்.

இரண்டாவது தவறு, வாட்ஸ்அப்பில் சுற்றும் நிசேயா கதைகளை நம்புவது. கி.பி. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயா நகரில் கூட்டிய ஆயர்களின் சங்கத்தில்தான் வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அங்கேதான் இயேசுவைக் கடவுளாக்கினார்கள், ஞாயிறு ஆராதனையைக் கொண்டுவந்தவரும் அவரே என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். மூன்றும் தப்பு. குமாரன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவின் அரியுஸ் போதித்ததுதான் அங்கே முதன்மையான வழக்கு. ஈஸ்டர் தேதியும் பேசப்பட்டது. 20 ஒழுங்கு விதிகளும் வந்தன. குருமார் வட்டிக்குக் கடன் கொடுத்தால் பதவி போகும் என்பது அவற்றில் ஒன்று. புத்தகப் பட்டியல் பேச்சே அங்கே இல்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே பட்டியலிடும் பழைய ஆவணம் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதம். கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுவதைப் பற்றியோ, சங்கத்துக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, ஏறக்குறைய 112இல், பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசர் திராயானுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். அவர் கிறிஸ்தவரும் இல்லை. இந்தக் கூட்டத்தை என்ன செய்வது என்று கேட்டு எழுதிய அதிகாரி. ஞாயிறு விஷயமும் அப்படியே. 321இல் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தது உண்மை. ஆனால் ஞாயிறுதோறும் கூடி வாசித்து, ஜெபித்து, அப்பம் பகிர்ந்ததை யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 150களிலேயே எழுதிவிட்டார். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்ததையும், வசதியுள்ளவர்கள் விருப்பப்பட்டுக் கொடுத்த பணம் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோருக்குப் போனதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். ஞாயிறா சனியா என்று சண்டை போடுகிறவர்கள் இந்தப் பகுதிக்கு வருவதே இல்லை.

அதிகம் பேச வேண்டியது மூன்றாவது தவறைப் பற்றி: பாதி வரியை மேற்கோள் காட்டுவது. இதற்குத் திதாக்கேயைவிட நல்ல உதாரணம் கிடையாது. 'பன்னிரு அப்போஸ்தலரின் போதனை' என்று பெயர் பெற்ற இந்தச் சிறு நூல் முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நெடுங்காலம் காணாமல் கிடந்த நூலின் கைப்பிரதி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு, 1883இல் அச்சானது.

இதில் ஞானஸ்நானம் பற்றி ஒரு பத்தி வருகிறது. ஓடும் தண்ணீரில் கொடு; அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில்; குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில்; எதுவும் போதுமான அளவு இல்லாவிட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று தரம் ஊற்று. முழுக்கு ஞானஸ்நானம்தான் செல்லும் என்பவர் முதல் வரியோடு நிறுத்துவார். தெளிப்பு போதும் என்பவர் கடைசி வரியை மட்டும் எடுப்பார். அதற்கு அடுத்த வரியை இந்த வாதங்களில் நான் கேட்டதில்லை: பெறுகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் முன்னதாக உபவாசம் இருக்க வேண்டும். போதகருக்கும் சேர்த்துப் பட்டினி என்பதால் விட்டுவிட்டார்களோ என்னவோ!

அதே நூலில் ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகளையும் சோதித்துப் பார்க்க விதிகள் இருக்கின்றன. வந்தவரைக் கர்த்தரை ஏற்பதுபோல் ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும். மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் தேவையான அப்பத்தைத் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. பணம் கேட்டாலும் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் பேசிக்கொண்டே "எனக்குப் பணம் கொடு" என்றால் அவருக்குச் செவிகொடுக்காதே. ஆனால் இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் யாரும் அவரைக் குறை சொல்ல வேண்டாம். காணிக்கைக்கே இடமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஊரில் நிலைத்துத் தங்கும் உண்மையான தீர்க்கதரிசிக்கு முதற்பலனைக் கொடுக்கச் சொல்வதும் இதே நூல்தான். மேடையில் வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லும் ஊழியரும், ஊழியருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை என்பவரும் ஆளுக்குப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

பணம் என்றதும் மார்சியன் நினைவுக்கு வருகிறார். கப்பல் வணிகர், பெரும் செல்வந்தர். ரோம் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) நன்கொடை கொடுத்தவர். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று அவர் போதிக்கத் தொடங்கியதும், 144இல் சபை அவரை வெளியே அனுப்பியது. பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. "பழைய ஏற்பாடெல்லாம் நமக்கு வேண்டாம், அது கோபக்காரக் கடவுள்" என்று இன்றைக்குச் சாதாரணமாகப் பேசுகிறோம். அன்றைக்கே கேட்டு, வேண்டாம் என்று தள்ளிய போதனை இது. கொடுத்தவரின் காசு எவ்வளவு பெரிசு என்று அந்தச் சபை பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாகப் பாடுகள், அதாவது விசுவாசத்துக்காகப் படும் துன்பங்கள். விசுவாசம் என்றால் அடிபடுவதைத் தேடிப் போவது என்ற நினைப்பு சிலருக்கு உண்டு. சிமிர்னாவின் ஆயர் பொலிக்கார்ப் இரத்தசாட்சியாக மரித்ததைச் சொல்லும் கடிதத்திலேயே குயிந்துஸ் என்பவர் வருகிறார். தானாகப் போய்ச் சரணடைந்து, மற்றவர்களையும் தூண்டிவிட்டு, தன்மேல் ஏவவிருந்த மிருகங்களைப் பார்த்ததும் பயந்து ரோம தேவர்களுக்குப் பலி செலுத்திவிட்டார். ஆகவே தாங்களாக முன்வருகிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று அந்தச் சபை வெளிப்படையாக எழுதுகிறது. பொலிக்கார்ப்பே முதலில் நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒதுங்கியிருந்தவர்தான். பிடிபட்ட பிறகு பின்வாங்கவில்லை.

இதற்கு மறுபக்கம், விழுந்தவரை அதோடு கைகழுவிவிடுவது. 250இல் பேரரசர் தேசியுஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவருக்குச் சான்றிதழ் உண்டு. எகிப்தின் மணலில் அவற்றில் பல இன்றும் கிடைக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆபத்து நீங்கியதும் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பியவர்களை என்ன செய்வது? பலியிட்டவருக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று ரோமில் நொவேஷியன் என்ற மூப்பர் பிரிந்துபோனார். விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டுகளைக் காட்டி உடனே பந்தியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள் வேறு சிலர். கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான் இரண்டுக்கும் இணங்கவில்லை. 251இல் அங்கே கூடிய ஆயர்கள், சான்றிதழ் மட்டும் வாங்கியவரையும் உண்மையிலேயே பலியிட்டவரையும் ஒன்றாகப் பார்க்காமல், ஒவ்வொருவர் விஷயத்தையும் விசாரித்து, மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்தார்கள். கெடுபிடியின்போது மறைந்திருந்தார் என்ற பழி சிப்ரியான் மேலேயே இருந்தது. 258இல் அடுத்த கெடுபிடி வந்தபோது அவர் மறுதலிக்கவில்லை, தலை வெட்டப்பட்டது.