மர வாசனையில் ஒரு குளிர்கால சென்ட்: வீட்டிலேயே செய்வது எப்படி?

குன்னூரில் இருக்கும் என் சித்தப்பா அதிகம் பேச மாட்டார். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் ஸ்டூல், அலமாரி என்று எதையாவது இழைத்துக்கொண்டே இருப்பார். அவர் எழுந்து போன பிறகுதான் அவர் சொன்ன ஒரு வரி நமக்கு உறைக்கும். போன மார்கழியில் அவர் பிறந்தநாளுக்கு ஒரு சென்ட் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். எடுத்த பாட்டிலில் எல்லாம் 'ஐஸ்', 'கூல்', 'ஸ்போர்ட்'. குன்னூர்க் குளிரில் நடுங்குகிற மனுஷனுக்கு இன்னும் ஐஸ் எதற்கு? சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்றாவது தடவைதான் உருப்படியாக வந்தது. அந்த மூன்றாவது தடவையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிருக்கு ஏன் மரம்?

சென்ட் மணக்க வேண்டுமென்றால் அது உடம்புச் சூட்டில் ஆவியாக வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் எடை குறைந்த மூலக்கூறுகள், சீக்கிரம் பறந்துவிடும். சந்தனமும் வெட்டிவேரும் கனமானவை, மெதுவாகத்தான் எழும்பும். சித்திரை வெயிலில் இந்தக் கனம் மூச்சை முட்டும். குளிரிலோ அதே கனம் உடம்பை ஒட்டியே நிற்கும், சால்வையில் மறுநாள் வரைக்கும் தங்கும்.

நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. நெடுநல்வாடையில் வாடைக்காற்று அடிக்கும் ஊரில் சந்தனம் அரைக்கும் கல்லைச் சும்மா போட்டுவிட்டு, அகில் கட்டையைத் தணலில் புகைக்கிறார்கள். அரைத்த சந்தனம் உடம்பைக் குளிர்விக்கும், ஆகவே அதை ஒதுக்கினார்கள். நாம் பயன்படுத்தப்போவது சந்தன எண்ணெய், அதற்கு அந்தச் சிக்கல் கிடையாது. அகிலை நான் தொடவில்லை. மரத்தில் பூஞ்சை பிடித்து, அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசின்தான் அகில் வாசனை. அசல் எண்ணெயின் விலையைக் கேட்டால் நமக்குக் குளிர் விட்டுப்போகும்.

படி 1: ஆளைப் பாருங்கள்

எண்ணெய் வாங்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். 'இந்த ராசிக்கு இந்த சென்ட்' என்கிற அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு ஆளின் நடமாட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் பிடிபடும். மர வாசனை அறைக்குள் நமக்கு முன்னால் ஓடிப்போய் நிற்காது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் தெரியும். ஆகவே அவசரப்படாதவர், பழைய சட்டையைத் தூக்கிப் போட மனசு வராதவர், நாலு பேர் இருக்கும் இடத்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பவர் — இவர்களுக்குப் பொருந்தும். லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இதைக் கொடுத்தால், 'வாசனையே வரலையே' என்பார்.

அவர் அன்றாடம் புழங்கும் வாசனை எது என்றும் யோசியுங்கள். சித்தப்பாவுக்கு அது பென்சில் சீவிய தூள். என் கலவை அங்கிருந்துதான் தொடங்கியது.

படி 2: வாங்க வேண்டியவை

10 மில்லி ரோல்-ஆன் பாட்டில் ஒன்று, கண்ணாடியில், அடர்நிறத்தில். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித்தனி டிராப்பர். மற்ற எண்ணெய்களைக் கலக்க அடிப்படை எண்ணெயாக ஜோஜோபா (ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது). வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை ஊற்றலாமே என்று தோன்றும். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும். என் முதல் பாட்டில் குன்னூர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் வெள்ளைக் கட்டியாகி, உருளையே சுற்றவில்லை. நல்லெண்ணெயும் வேண்டாம், இட்லிப் பொடி ஞாபகம் வரும்.

இனி வாசனை எண்ணெய்கள். இங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம்.

சீடர்வுட்: இந்தப் பெயரில் இரண்டு மூன்று மரங்களின் எண்ணெய் விற்கிறது. பென்சில் வாசனை வேண்டுமென்றால் லேபிளில் 'ஜூனிபெரஸ் வர்ஜினியானா' என்று இருக்க வேண்டும். முன்பு பென்சில் செய்யப் பெரிதும் பயன்பட்ட மரம் அதுதான். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இமயமலைத் தேவதாரு. அதுவும் நல்ல எண்ணெய்தான், ஆனால் அதில் கொஞ்சம் புகையும் கொஞ்சம் தோல் வாடையும் இருக்கும்.

சந்தனம்: 10 மில்லி 200 ரூபாய்க்குக் கிடைத்தால் அது சந்தனம் இல்லை. நான் முதலில் வாங்கியது அப்படித்தான்; பத்து நிமிடம் கோயில் மாதிரி மணந்து, பிறகு பிளாஸ்டிக் மாதிரி ஆனது. அசல் சந்தனம் ஆரம்பத்தில் சத்தமே போடாது, மணிக்கணக்கில் மெல்ல வரும். 2 மில்லி போதும், நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

வெட்டிவேர்: உலகம் முழுக்க இந்த வேருக்கு வழங்கும் 'வெட்டிவர்' என்ற பெயரே நம் தமிழ்ச் சொல்தான். ஹைட்டியிலும் ஜாவாவிலும் வடித்தெடுத்தாலும் பெயர் நம்முடையது. எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும்.

இவற்றோடு மிளகு, ஏலக்காய், இனிப்பு ஆரஞ்சு எண்ணெய்கள். ஆரஞ்சுக்குப் பதில் எலுமிச்சை போடாதீர்கள். தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் தடவிய இடத்தில் வெயில் பட்டால் சருமம் புண்ணாகலாம். பட்டை எண்ணெயும் வேண்டாம், எரியும். சாம்பிராணி சேர்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பிசின் எண்ணெயில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும்.

படி 3: காகிதத்தில் ஒத்திகை

படம் வரையும் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எண்ணெயைத் தொட்டுப் பெயர் எழுதி வையுங்கள். உடனே ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து, இரவு படுக்கப் போகும்போது, மறுநாள் காலையில் என்று முகர்ந்து பாருங்கள். எது ஓடிப்போகிறது, எது நிற்கிறது என்று மூக்கு தானே கற்றுக்கொள்ளும். பிறகு இரண்டு மூன்று தாள்களை விசிறி போல ஒன்றாகப் பிடித்து முகருங்கள். ஒரு துளிகூட வீணாக்காமல் கலவை எப்படி வரும் என்று பார்க்கும் வழி இது. மூக்கு மரத்துப்போனால் காப்பிக்கொட்டை எல்லாம் தேட வேண்டாம். உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

படி 4: கலப்பது

ஏறக்குறைய 20 துளி ஒரு மில்லி. 10 மில்லி பாட்டிலுக்கு மொத்தம் 30 துளி, அதாவது சுமார் 15 சதவீதம்:

சீடர்வுட் – 12
சந்தனம் – 7
ஆரஞ்சு – 4
வெட்டிவேர் – 3
மிளகு – 3
ஏலக்காய் – 1

கனமான எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். வெட்டிவேர் பாட்டிலை மூடியபடியே வெந்நீர்க் கோப்பையில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகி, துளியாக விழும். இதில் மட்டும் கை பதற வேண்டாம். என் இரண்டாவது முயற்சியில் ஆசைப்பட்டு 10 துளி விட்டேன். சித்தி முகர்ந்துவிட்டு, "என்னம்மா, தூர் வாரின கிணறு மாதிரி இருக்கு?" என்றார். பயமாக இருந்தால் ஒரு துளி வெட்டிவேரை ஒன்பது துளி ஜோஜோபாவில் தனியாகக் கலந்து வைத்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அடுத்து சந்தனம், சீடர்வுட், மிளகு, ஏலக்காய், கடைசியில் ஆரஞ்சு. மீதியை ஜோஜோபாவால் நிரப்பி, பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். எத்தனை துளி, எந்தத் தேதி என்று உடனே எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு நினைவிருக்கும் என்று நினைப்போம், இருக்காது.

ஆளுக்கு ஏற்ப மாற்ற வேண்டியதும் இங்கேதான். பேச்சும் சிரிப்புமாக இருப்பவருக்கு வெட்டிவேரை ஒன்றாகக் குறைத்து, அந்த இரண்டு துளியை ஆரஞ்சுக்கும் ஏலக்காய்க்கும் கொடுங்கள். தனியாக நடக்கப் போகிறவர், மழை பெய்தால் ஜன்னலைத் திறந்து வைக்கிறவர் என்றால் ஏலக்காயை எடுத்துவிட்டு வெட்டிவேரை நாலாக்கலாம். எப்படி மாற்றினாலும் கூட்டுத்தொகை 30-ஐத் தாண்ட வேண்டாம்.

படி 5: காத்திருப்பது

பீரோவுக்குள், வெளிச்சம் படாமல், மூன்று வாரம். முதல் நாள் மிளகு தனியாகவும் ஆரஞ்சு தனியாகவும் உறுத்தும். வாரம் ஒருமுறை மட்டும் திறந்து பாருங்கள்.

படி 6: பூசுவது

முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு புள்ளி வைத்து 24 மணி நேரம் விடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த ஆளுக்கு இந்தக் கலவை வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கைக்குழந்தைக்குப் பூசவே வேண்டாம்.

குளிரில் தோல் வறண்டிருக்கும், வறண்ட தோலில் வாசனை நிற்காது. ஆகவே வாசனை இல்லாத கிரீமோ வாசலினோ லேசாகத் தடவிய பிறகு கழுத்தின் இரு பக்கமும், மணிக்கட்டிலும் ஒரு இழுப்பு. தேய்க்காதீர்கள். ஸ்வெட்டரில் நேராகப் பூசினால் எண்ணெய்க் கறை போகாது. தோலில் பூசி மேலே மஃப்ளரைச் சுற்றினால் போதும், வாசனை தானாக அதில் ஏறிக்கொள்ளும்.

மூன்றாவது பாட்டிலைச் சித்தப்பாவிடம் கொடுத்தபோது மணிக்கட்டில் பூசி ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடித்து முடித்த பிறகு, "பட்டறை வாசம்தான் அடிக்குது. ஆரஞ்சு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். இந்த வருடத்துக்கு ஆரஞ்சு இரண்டு துளி, சீடர்வுட் 14. பாட்டில் இப்போது பீரோவில் இருக்கிறது, இன்னும் ஒன்பது நாள் பாக்கி.