புரொஜெக்டர் ஸ்கிரீனுக்குப் பின்னால் எல்இடி வெளிச்சம்: நான் செய்த முறை

மாடி அறையில் 100 இன்ச் ஸ்கிரீன் மாட்டிய புதிதில், விளக்கை அணைத்துவிட்டு முழுப் படம் பார்த்து எழுந்தாலே அம்மாவுக்குக் கண் எரியும், தலை வலிக்கும். விளக்கைப் போட்டால் படம் வெளுத்துவிடும். ஸ்கிரீனுக்குப் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி, சுவரில் மட்டும் மெல்லிய வெளிச்சம் விழும்படி செய்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. படமும் முன்பைவிட அழுத்தமாகத் தெரிகிறது. ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் கறுப்பு இன்னும் கறுப்பாகக் கண்ணுக்குப் படும்.

டிவிக்கு ஒட்டுவது போலத்தானே என்று ஆரம்பித்துவிடாதீர்கள். புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. நீங்கள் ஒட்டும் எல்இடியிலிருந்து துளி வெளிச்சம் ஸ்கிரீனுக்கு வந்தாலும் அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். கீழே சொல்வது எல்லாமே வெளிச்சத்தைச் சுவரோடு நிறுத்துவதற்கான வேலைதான்.

முதலில் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை ஸ்கிரீனுக்குப் பின்னால் பிடியுங்கள். முன்பக்கம் வட்டமாக வெளிச்சம் தெரிந்தால், கறுப்புப் பின்பூச்சு இல்லாத துணி அது. ஃபிரேமின் பின்னால் கெட்டியான கறுப்புத் துணியை இழுத்து அடித்துவிட்டு வாருங்கள். ஸ்பீக்கரை ஸ்கிரீனுக்குப் பின்னால் வைப்பதற்காகத் துளை போட்ட ஸ்கிரீன் என்றால் சோதனையே வேண்டாம், சத்தத்தைத் தடுக்காத கறுப்புத் துணி கட்டாயம்.

வாங்க வேண்டியவை

16:9 அளவில் 100 இன்ச் ஸ்கிரீன் என்றால் அகலம் சுமார் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ. ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் சுற்றளவு ஆறரை மீட்டர். ஸ்ட்ரிப் 5 மீட்டர் சுருளாக வருவதால் இரண்டு சுருள் வேண்டும். நான் வாங்கியது மீட்டருக்கு 30 எல்இடி உள்ள டபிள்யூஎஸ்2812பி என்ற வகை (ஒவ்வொரு எல்இடியின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றலாம்), 5 வோல்ட். அதோடு எல்இடிகளுக்கு டேட்டா சிக்னல் அனுப்ப ஒரு இஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டு, 5 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒரு சதுர மி.மீ. ஒயர், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 470 ஓம் ரெசிஸ்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிட்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும்.

20 ஆம்பியர் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு எல்இடி முழு வெள்ளையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆறரை மீட்டரில் 195 எல்இடி, அதாவது கிட்டத்தட்ட 12 ஆம்பியர். பவர் சப்ளையை அதன் எல்லையிலேயே ஓட்டக் கூடாது.

ரிமோட்டோடு வரும் ரெடிமேட் செட் வேண்டாம். அதில் பெரும்பாலும் வெளிச்சத்தைச் சில படிகளில்தான் குறைக்க முடியும், நமக்கு வேண்டியதோ அதிலும் கீழே. ஒயர் இணைக்க பிளாஸ்டிக் கிளிப்பும் வேண்டாம். சால்டர் செய்யுங்கள், ஒரு முறை செய்தால் பிறகு தொட வேண்டியிருக்காது.

ஒட்டுவது

ஸ்கிரீன் சுவரோடு ஒட்டி இருந்தால் ஒவ்வொரு எல்இடியும் தனித்தனிப் பொட்டாகச் சுவரில் தெரியும். என் ஃபிரேமுக்கும் சுவருக்கும் முதலில் 3 செ.மீ. இடைவெளிதான், மணி கோத்தது போல வரிசையாகப் பொட்டுகள். நான்கு மூலையிலும் மரக்கட்டை வைத்து 7 செ.மீ. ஆக்கியதும் எல்லாம் கலந்து ஒரே ஒளியாகிவிட்டது.

ஸ்ட்ரிப்பை ஃபிரேமின் பின்புறம், எல்இடி சுவரைப் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி டேட்டா போகும் திசை. நான்கு துண்டிலும் அம்பு ஒரே சுற்றில் போக வேண்டும். மூலையில் ஸ்ட்ரிப்பை மடக்காமல், செம்புப் பட்டையின் நடுவில் வெட்டி மூன்று சிறு ஒயர்களால் இணையுங்கள். பின்னால் இருக்கும் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம், சித்திரை வெயிலில் உரிந்து தொங்கும். ஒரு அடிக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள்.

என்னை இரண்டு நாள் நிறுத்திய இடம்

எல்லாம் ஒட்டி, ஒரு முனையில் மட்டும் 5 வோல்ட் கொடுத்து முழு வெள்ளையில் போட்டேன். ஆரம்பத்தில் நல்ல வெள்ளை. மேல் வரிசை பாதியில் மஞ்சள். சுற்றி வந்து முடியும் இடத்தில் செங்கல் நிறம். ஸ்ட்ரிப்தான் பழுது என்று முடிவு கட்டி, கடைசித் துண்டைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். அதுவும் அதே செங்கல் நிறம்தான்.

மறுநாள் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஆரம்பத்தில் 5 வோல்ட், கடைசியில் 3.4. ஸ்ட்ரிப்பில் இருக்கும் மெல்லிய செம்புத் தகடு அவ்வளவு கரண்டை ஆறு மீட்டர் தூக்கிச் செல்லாது. சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போல இருந்தால் போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வோல்ட் குறையக் குறைய அவை இரண்டும் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது.

எஸ்எம்பிஎஸ்-இலிருந்து ஒரு ஜோடி தடித்த ஒயரை ஃபிரேமைச் சுற்றி ஓட்டி, ஒவ்வொரு மூலையிலும் ஸ்ட்ரிப்பின் 5 வோல்ட், கிரவுண்ட் பட்டைகளில் சால்டர் செய்தேன். டேட்டா ஒயரைத் தொடவில்லை. கடைசி எல்இடியில் 4.7 வோல்ட் வந்தது, நிறமும் சுற்றிலும் ஒன்றாகிவிட்டது. நீங்கள் ஒட்டும்போதே இதைச் செய்துவிடுங்கள். இன்று ஆரம்பிப்பதாக இருந்தால் 12 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2815 வாங்குவேன், அதில் இந்தத் தலைவலி மிகவும் குறைவு.

கெப்பாசிட்டரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில், துருவம் பார்த்துப் போடுங்கள். ரெசிஸ்டர் டேட்டா ஒயரில், முதல் எல்இடிக்குப் பக்கத்தில். இஎஸ்பி32-இன் கிரவுண்டும் எஸ்எம்பிஎஸ்-இன் கிரவுண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலை பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த் ஒயரை விட்டுவிட வேண்டாம்.

நிறமும் அளவும்

இஎஸ்பி32-இல் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். குரோம் பிரௌசரிலிருந்தே ஏற்றலாம். எல்இடி எண்ணிக்கையையும், போர்டில் டேட்டா ஒயரை இணைத்த பின்னின் (pin) எண்ணையும் கொடுத்தால் வேலை முடிந்தது. சிவப்பு கேட்டுப் பச்சை வந்தால் நிற வரிசையை மாற்றுங்கள்.

படம் பார்க்க வெள்ளை மட்டும் போதும். வீடியோ தரத்தில் வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின், ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் உச்ச அளவான 255-இல் வைத்தால் நீலம் தூக்கலாக வரும். புரொஜெக்டரில் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, ஒரு ஏ4 தாளை ஸ்கிரீன் ஓரத்தில் பாதி படத்திலும் பாதி சுவர் வெளிச்சத்திலும் இருக்கும்படி பிடியுங்கள். இரண்டு பாதியும் ஒரே வெள்ளையாகும் வரை நீலத்தையும் பச்சையையும் குறையுங்கள். எங்கள் சுவர் க்ரீம் நிறம் என்பதால், பிறகு சுவரைப் பார்த்து நீலத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது.

வெளிச்சம் எவ்வளவு? அகலத்திரைப் படம் ஒன்றைப் போடுங்கள். 100 இன்ச்சில் மேலும் கீழும் 16 செ.மீ. கறுப்புப் பட்டை வரும். அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே வெளிச்சத்தை ஏற்றுங்கள். அது சாம்பலாகத் தொடங்கியதும் நிறுத்தி, கொஞ்சம் இறக்கிவிடுங்கள். கூரை வெள்ளையாக இருந்தால் மேல் வரிசையை மட்டும் இன்னும் பாதியாகக் குறையுங்கள், கூரையில் பட்டுத்தான் வெளிச்சம் ஸ்கிரீனுக்குத் திரும்புகிறது.

பிறகு சேர்த்தவை

எவ்வளவு ஏற்றினாலும் வெளிச்சம் கூடவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டபிள்யூஎல்இடி-இல் கரண்ட் வரம்பு 850 மில்லி ஆம்பியர் என்றுதான் ஆரம்பத்தில் இருக்கும். எல்இடி அமைப்புப் பக்கத்தில் உங்கள் எஸ்எம்பிஎஸ்-க்கு ஏற்றபடி மாற்றுங்கள், 20 ஆம்பியருக்கு நான் 15000 கொடுத்திருக்கிறேன்.

எல்இடி கண்டபடி மின்னினால், இஎஸ்பி32 தரும் 3.3 வோல்ட் சிக்னல் போதவில்லை என்று அர்த்தம். டேட்டா ஒயரை ஒரு அடிக்குள் வைத்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால், சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 ஐசி ஒன்றை நடுவில் போட வேண்டும்.

சுருட்டும் ஸ்கிரீன் வைத்திருப்பவர்கள் துணியில் எதையும் ஒட்ட வேண்டாம். ஸ்கிரீனைவிட ஒரு சாண் சிறிய செவ்வகமாகச் சுவரில் அலுமினியம் சேனல் அடித்து, ஸ்ட்ரிப்பை அதன் வெளி விளிம்பில், வெளிப்பக்கம் பார்க்கும்படி ஒட்டுங்கள். ஸ்கிரீனை மேலே ஏற்றும்போது விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும்.