அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் இயற்பியலை எந்த வகுப்பில் எடுப்பது?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகள். பெரும்பாலான பள்ளிகளில் ஆண்டுக்கு ஓர் அறிவியல் பாடம்தான் நடக்கும். 9இல் உயிரியல், 10இல் வேதியியல், 11இல் இயற்பியல் என்பது பரவலான வரிசை. ஆனால் அது சட்டமல்ல. இயற்பியலின் இடத்தைப் பிள்ளையின் வயதோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அட்டவணையோ தீர்மானிக்கக் கூடாது. அந்த ஆண்டு பிள்ளை எந்தக் கணக்குப் பாடத்தில் இருக்கிறது என்பதே தீர்மானிக்க வேண்டும்.

படி 1: கணக்குப் பாதையை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு ஆண்டுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே கணக்குப் பாடத்தைக் குறியுங்கள். வழக்கமான ஏணி இது: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய பாடம்), கால்குலஸ் (நுண்கணிதம்). சில பிள்ளைகள் அல்ஜீப்ரா 1ஐ எட்டாம் வகுப்பிலேயே முடித்திருப்பார்கள். அவர்களுக்கு எல்லாம் ஓராண்டு முன்னே நகரும். இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: இரண்டு கேள்விகள் கொடுத்துப் பாருங்கள்

மதிப்பெண் அட்டையைவிட இது தெளிவாகச் சொல்லும்.

முதல் கேள்வி: ஓய்விலிருந்து விழும் கல் கடக்கும் தூரம் = பாதி × முடுக்கம் × நேரத்தின் வர்க்கம். தூரம் 45 மீட்டர், முடுக்கம் விநாடிக்கு விநாடி 10 மீட்டர் என்றால் நேரம் எவ்வளவு? (விடை 3 விநாடி.) விடை மட்டும் வந்தால் போதாது. எண்களைப் போடுவதற்கு முன்பே சூத்திரத்தைத் திருப்பி, நேரத்தைத் தனியே ஒரு பக்கம் கொண்டுவரத் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாவது: 10 மீட்டர் நீளச் சாய்தளம் தரையோடு 30 பாகைக் கோணத்தில் நிற்கிறது. மேல் முனையின் உயரம் என்ன? (5 மீட்டர்.) இதற்கு ஜியாமெட்ரியில் வரும் சைன், கொசைன் வேண்டும்.

இரண்டையும் தடுமாறாமல் செய்யும் பிள்ளை இயற்பியலுக்குத் தயார். முதல் கேள்வியிலேயே திணறினால் ஓராண்டு பொறுப்பது நல்லது. அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு விசை, ஆற்றல், உந்தம் பற்றி யோசிக்க மனத்தில் இடமே இருக்காது. இயற்பியல் பிடிக்கவில்லை என்று சொல்லும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் பிடிக்காமல் போனது அந்த அரைகுறை அல்ஜீப்ராதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

படி 3: எந்த இயற்பியல் என்று பாருங்கள்

எல்லா இயற்பியலும் ஒன்றல்ல.

சில பள்ளிகள் 9ஆம் வகுப்பிலேயே கணக்கைக் குறைத்து, கருத்துகளையும் சோதனைகளையும் முன்வைத்து இயற்பியல் நடத்துகின்றன. 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற லியோன் லெடர்மன் முதலில் இயற்பியல், பிறகு வேதியியல், கடைசியில் உயிரியல் என்ற இந்த வரிசைக்காகப் பெரிதும் வாதாடினார். அணுவைப் புரிந்துகொண்டால் வேதியியல் புரியும், வேதியியல் புரிந்தால் உயிரியல் புரியும் என்பது அவர் தரப்பு. நல்ல ஆசிரியர் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் பொறியியல் நோக்கிப் போகும் பிள்ளை இதோடு நிறுத்திவிடக் கூடாது.

ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பவை உயர்நிலைப் பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள். அவற்றில் ஏ.பி. பிசிக்ஸ் 1, 2 ஆகியவை அல்ஜீப்ரா அடிப்படையிலானவை. பிசிக்ஸ் 1க்கு ஜியாமெட்ரி முடித்திருக்க வேண்டும். அல்ஜீப்ரா 2 கூடவே நடந்தாலும் போதும். கால்குலஸ் இல்லையே, எளிதாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களை இது கைவிட்டுவிடும். ஏன் அப்படி நடக்கிறது என்று வாக்கியமாக எழுதி விளக்கச் சொல்லும் பாடம் இது.

ஏ.பி. பிசிக்ஸ் சி இயக்கவியல், மின்காந்தவியல் என இரு தனித் தேர்வுகள் கொண்டது. கால்குலஸ் முன்பே முடித்திருக்க வேண்டும், அல்லது அதே ஆண்டில் எடுக்க வேண்டும். எனவே பெரும்பாலோருக்கு இது 12ஆம் வகுப்புப் பாடம். பொறியியல் படிப்புக்குப் பல கல்லூரிகள் சி தேர்வுக்கே பாட மதிப்பு (கிரெடிட்) தருகின்றன. மருத்துவம், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு 1, 2 பொருத்தமானவை.

படி 4: கல்லூரி விண்ணப்பத்தோடு ஒப்பிடுங்கள்

விண்ணப்பங்கள் 12ஆம் வகுப்பின் நவம்பர் முதல் ஜனவரிக்குள் பெரும்பாலும் போய்விடும். 11இல் எடுத்த இயற்பியலின் மதிப்பெண் அதில் முழுமையாகத் தெரியும். 12இல் எடுப்பது, படித்துக்கொண்டிருக்கும் பாடமாகத்தான் தெரியும். பொறியியலை விரும்பும் பிள்ளைக்கு 11இல் ஒரு இயற்பியல், 12இல் பிசிக்ஸ் சி என்பது என் முதல் தேர்வு. 11இல் அல்ஜீப்ரா 2 மட்டுமே எட்டியிருக்கும் பிள்ளைக்கு அந்த ஆண்டு ஏ.பி. அல்லாத சாதாரண இயற்பியலே போதும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

படி 5: பள்ளிக் கவுன்சிலரிடம் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டுபவரிடம்) கேளுங்கள்

அடுத்த ஆண்டுப் பாடப்பதிவு பல பள்ளிகளில் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். அதற்கு முன் இவற்றைக் கேட்டு வையுங்கள்: பிசிக்ஸ் சி எடுக்க முன்னதாக ஓர் இயற்பியல் பாடம் கட்டாயமா? அது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறதா? பாடம் கடினமாகப்பட்டால் எந்தத் தேதிக்குள் சாதாரண வகுப்புக்கு மாறலாம்? பள்ளியில் சி இல்லையென்றால், அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) கால்குலஸ் சார்ந்த இயற்பியலைப் படிக்க அனுமதி உண்டா, ஆய்வகமும் அதில் சேருமா?